பிலிப்பினோ வாக்கியத்தைத் தமிழ் வழியாகப் புரிந்துகொள்வது

கேள்வி இதுதான்: "சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். கூட இருப்பவர்களில் நிறையப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் மொழியைக் கற்கலாம் என்று ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். சொற்கள் மனதில் நிற்கின்றன, வாக்கியம் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. அடிப்படை அமைப்பைச் சொல்லித் தர முடியுமா?"

தாராளமாக. வாக்கியம் பிடிபடாததற்கு அந்த மொழியின் மேல் பழி சொல்ல முடியாது. ஆங்கில இலக்கணத்தின் சட்டத்துக்குள் அதை வைத்துச் சொல்லித் தருவதுதான் சிக்கல். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரிசை போட்டு, செய்வினை, செயப்பாட்டுவினை என்று பிரித்து, அப்புறம் ஒட்டாததையெல்லாம் விதிவிலக்கு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தமிழ் பேசுகிறவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. நாம் யோசிக்காமல் செய்யும் பல வேலைகளைப் பிலிப்பினோவும் செய்கிறது, கருவிதான் வேறு.

இன்றைய தேசிய மொழியான பிலிப்பினோவுக்கு அடித்தளம் மணிலாவிலும் சுற்றியுள்ள மாகாணங்களிலும் பேசப்படும் தகலாகு. 1937 டிசம்பர் 30 அன்று அதிபர் மானுவல் கேசோன் அதை தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவித்தார். பிலிப்பினோ என்ற இன்றைய பெயரோடு தேசிய மொழியாக நிலைநிறுத்தியது 1987 அரசியல் சட்டம். வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை பிலிப்பினோ, தகலாகு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. கீழே வரும் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். 'பிலி' என்ற வேரிலிருந்து பிறக்கும் வினைகளிலும், 'பாத்தா', 'பஹாய்', 'பார்க்கோ' போன்றவற்றிலும் வரும் பகரத்தைப் 'பம்பரம்' என்பதன் இரண்டாவது பகரம் போல ஒலியுங்கள். 'அங்', 'நங்' என்பவற்றில் மெல்லினத்தோடு நிறுத்திவிட வேண்டும், பின்னால் ககரம் ஒட்டக்கூடாது. பன்மை காட்டும் 'மஙா' என்ற சொல்லில் ஙகரம் உயிரோடு சேர்ந்தே வரும்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம்.

தமிழ் வாக்கியம் பயனிலையில் முடியும், பிலிப்பினோ வாக்கியம் பயனிலையில் தொடங்கும். 'மகந்தா அங் பஹாய்' என்றால் 'வீடு அழகு'. 'மகந்தா' அழகு, 'பஹாய்' வீடு. 'கூரோ சி மரியா' என்றால் 'மரியா ஆசிரியர்'. இரண்டிலும் 'இருக்கிறது', 'ஆகும்' போன்ற எதுவும் இல்லை. இது ஆங்கிலக்காரருக்கு விசித்திரம், நமக்கு இயல்பு. 'அவர் ஆசிரியர்' என்று சொல்லும்போது நாமும் வினை எதையும் தேடுவதில்லையே.

பெயருக்கு முன்னால் நிற்கும் 'அங்', 'சி' இரண்டையும் கவனியுங்கள். வாக்கியம் யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று காட்டுவது இவற்றின் வேலை. ஆட்பெயருக்கு 'சி', மற்ற எல்லாவற்றுக்கும் 'அங்'. நம்முடைய வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடையது சொல்லுக்கு முன்னால் தனியே நிற்கும். மொத்தம் மூன்று வகை. 'அங்' ஒன்று. 'நங்' இரண்டாவது: உடைமையையும், செய்கிறவரையும், குறிப்பில்லாத பொருளையும் அதுவே காட்டும். 'சா' மூன்றாவது: இடம், திசை, யாருக்கு என்பது போன்றவை. 'சந்தைக்கு', 'சந்தையில்', 'சந்தையிலிருந்து' மூன்றையும் 'சா பலெங்க்கே' என்ற ஒரே தொடர் சுமக்கும், எது என்பதை வினை சொல்லிவிடும். ஆட்பெயருக்கு இவை முறையே 'சி', 'நி', 'காய்' என்று மாறும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடவும் வழி உண்டு. 'அங் பஹாய் அய் மகந்தா.' பொருள் அதேதான். எழுத்திலும் மேடைப் பேச்சிலும் இந்த வடிவம் நிறைய வரும். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பயனிலை முன்னால் வருவதை 'வழக்கமான வரிசை' என்றும், இதை 'வழக்கமல்லாத வரிசை' என்றும்தான் சொல்லித் தருகிறார்கள். அரசியல் சட்டத்தின் மொழிப் பிரிவு இப்படித் தொடங்குகிறது: 'அங் விக்காங் பம்பன்சா நங் பிலிப்பினாஸ் அய் ஃபிலிபினோ.' பிரித்துப் பார்ப்போம். 'விக்கா' மொழி, 'பம்பன்சா' தேசிய. முதற்சொல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் 'ங்' இரண்டையும் இணைக்கும் ஒட்டு. 'நங் பிலிப்பினாஸ்' என்றால் பிலிப்பைன்ஸின். ஆக, 'பிலிப்பைன்ஸின் தேசிய மொழி பிலிப்பினோ.' சட்டத்தின் கம்பீரத்துக்கு 'அய்' பொருந்துகிறது. கப்பல் சமையலறையில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

பலர் 'அய்' என்பதை 'ஆகும்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். அது தவறு. 'அங் பாத்தா அய் குமாயின்' (பிள்ளை சாப்பிட்டது) என்று முழு வினைக்கு முன்னாலும் அது வரும். வரிசையைத் திருப்பியிருக்கிறோம் என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

இனி மொழியின் இதயத்துக்கு வருவோம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

'பிலி' என்பது வாங்குதல். ஒரு பிள்ளை சந்தையில் மாம்பழம் வாங்கியது. இதைச் சொல்லும்போது, இதில் பங்குபெறும் எதை 'அங்' என்ற இடத்தில் வைக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிள்ளையை வைத்தால்:

'புமிலி அங் பாத்தா நங் மங்கா சா பலெங்க்கே.'

மாம்பழத்தை வைத்தால்:

'பினிலி நங் பாத்தா அங் மங்கா சா பலெங்க்கே.'

வேர் அதேதான். ஆனால் முதல் வாக்கியத்தில் அதன் வயிற்றுக்குள் 'உம்' நுழைந்திருக்கிறது, இரண்டாவதில் 'இன்' நுழைந்திருக்கிறது. 'அங்' எதன்மேல் இருக்கிறதோ அது இந்த நிகழ்ச்சியில் என்ன வேலை செய்தது என்று வினை அறிவிக்கிறது. 'உம்' வந்தால் அங்-பெயர் செய்தவர், 'இன்' வந்தால் அங்-பெயர் செயலுக்கு உள்ளான பொருள்.

இதோடு நிற்பதில்லை. அம்மாவுக்காக வாங்கியது, பேச்சு அம்மாவைப் பற்றியது என்றால் 'இபினிலி நங் பாத்தா நங் மங்கா அங் நானாய்'. எந்தக் கடையில் வாங்கியது என்பது முக்கியமென்றால் 'பினில்ஹான் நங் பாத்தா நங் மங்கா அங் திந்தஹான்'. எந்தப் பணத்தால் வாங்கியது என்றால் 'இப்பினம்பிலி நங் பாத்தா நங் மங்கா அங் பேரா'. ஐந்து வாக்கியம், நிகழ்ச்சி ஒன்று. நாம் பெயரின்மேல் 'ஐ', 'ஆல்', 'க்கு', 'இல்' என்று ஒட்டிக் காட்டும் உறவில் ஒரு பகுதியை அவர்கள் வினையின்மேல் ஏற்றிக் காட்டுகிறார்கள். அங்கே பள்ளி இலக்கணத்தில் இதற்கு 'வினையின் குவியம்' என்று பெயர்.

இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்தவுடன் ஆங்கிலப் புத்தகங்கள் 'செயப்பாட்டுவினை' என்று எழுதிவிடும். இது பழைய வழக்கம். தகலாகுக்கு ஸ்பானியத் துறவி ஒருவர் எழுதிய இலக்கணம் 1610-லேயே பத்தான் மாகாணத்தில் அச்சாகிவிட்டது. அச்சிட்டவர் தொமாஸ் பின்பின் என்ற உள்ளூர்க்காரர். அந்தக் காலத்து இலக்கணங்களுக்கு லத்தீன்தான் அளவுகோல். 1917-ல் தகலாகை நுணுக்கமாக ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்டும் செய்வினை ஒன்று, செயப்பாட்டுவினை மூன்று என்றே பிரித்தார்.

எனக்கு அந்தப் பெயர் ஏற்புடையதல்ல. 'பிள்ளையால் மாம்பழம் வாங்கப்பட்டது' என்று தமிழில் யாராவது சாதாரணமாகப் பேசுவார்களா? 'பினிலி நங் பாத்தா அங் மங்கா' அப்படிப்பட்ட செயற்கையான வாக்கியம் இல்லை. தெருவிலும் வீட்டிலும் நாள் முழுக்கப் புழங்கும் வாக்கியம். செய்தவரும் ஒதுங்கிப் போகவில்லை, வினைக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறார். அப்படியென்றால் இதில் எழுவாய் யார்? பால் ஷாக்டர் என்ற மொழியியலாளர் 1976-ல் இதே கேள்வியை எழுப்பி, நாம் எழுவாய்க்கு உரியதென்று நினைக்கும் குணங்கள் தகலாகில் அங்-பெயருக்கும் செய்கிறவருக்கும் பங்கு பிரிந்து கிடக்கின்றன என்று காட்டினார். அந்த விவாதம் முடியாவிட்டாலும் மொழியைக் கற்க அது தடையில்லை.

கற்கிறவருக்கு வேண்டியது, எப்போது 'புமிலி', எப்போது 'பினிலி' என்பதுதான். இங்கேதான் தமிழ் பெரிய உதவி செய்கிறது. இந்த இரண்டையும் பாருங்கள்:

'மாம்பழம் வாங்கினாள்.'
'மாம்பழத்தை வாங்கினாள்.'

முதலாவதில் ஏதோ மாம்பழம். இரண்டாவதில் நமக்கு முன்பே தெரிந்த, பேச்சில் வந்த மாம்பழம். அஃறிணைக்கு 'ஐ' போடுவதா வேண்டாமா என்று நாம் நொடியில் தீர்மானிக்கிறோம், யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பிலிப்பினோ இதே வேறுபாட்டைத்தான் குவியத்தால் காட்டுகிறது. 'புமிலி சியா நங் மங்கா' முதலாவது, 'பினிலி நியா அங் மங்கா' இரண்டாவது. ('சியா', 'நியா' இரண்டும் 'அவள்'தான், முன்னது 'அங்' வகையில், பின்னது 'நங்' வகையில்.) தமிழில் 'ஐ' இயல்பாக வந்து விழும் இடம் என்றால் 'அங்' அந்தப் பொருளுக்குப் போகும், வினையும் அதற்கேற்ப மாறும். ஏறக்குறைய எல்லா எளிய வாக்கியத்திலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

உயர்திணைக்கும் இது நிற்கிறது. 'மரியா பார்த்தேன்' என்று தமிழில் சொல்ல முடியாது, 'மரியாவைப் பார்த்தேன்' என்றே சொல்ல வேண்டும். அங்கேயும் அப்படியே: 'நகீத்தா கோ சி மரியா.' குறிப்பிட்ட ஓர் ஆளைப் பார்த்தேன் என்றால் அந்த ஆளே அங்-இடத்துக்குப் போகிறார், 'சி' வருகிறது. 'கோ' என்பது நான், 'நங்' வகையில்.

கப்பலில் உங்கள் காதில் அதிகம் விழுவது ஏவல் வாக்கியம்தான், அதிலும் இந்த 'ஐ' சோதனை ஓடும். கதவைத் திற: 'புக்சான் மோ அங் பின்த்தோ.' தட்டைக் கழுவு: 'ஹுகாசன் மோ அங் பிளாத்தோ.' 'மோ' என்பது நீ. எந்தக் கதவு, எந்தத் தட்டு என்று இருவருக்கும் தெரியும், அதனால் 'அங்'. இந்த இரண்டு வினையிலும் கடைசியில் 'அன்' ஒட்டியிருக்கிறது. எந்த வினை 'இன்' எடுக்கும், எது 'அன்' எடுக்கும், எது முன்னால் 'இ' எடுக்கும் என்பதை வினையோடு சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான், முழுமையான சூத்திரம் இல்லை. ஆனால் கையிலிருந்து நகர்ந்து போகும் பொருளுக்குப் பெரும்பாலும் 'இ' வரும். கொடுத்தல் என்ற வினையின் இரண்டு வடிவத்தை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்:

'இபிகாய் மோ சா ஆக்கின் அங் சூசி': சாவியை எனக்குக் கொடு.
'பிக்யான் மோ அக்கோ நங் தூபிக்': எனக்குத் தண்ணீர் கொடு.

முதலாவதில் குறிப்பிட்ட சாவி, அதற்கு 'அங்', வினைக்கு 'இ'. இரண்டாவதில் ஏதோ தண்ணீர், அதற்கு வெறும் 'நங்'. அங்-இடம் வாங்கிக்கொள்கிற எனக்கு வந்துவிட்டது, 'நான்' என்பதன் 'அங்' வகை வடிவமான 'அக்கோ' வந்தது அதனால்தான், வினைக்கு 'அன்'. தமிழிலும் சாவிக்கு 'ஐ' வந்தது, தண்ணீருக்கு வரவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுப் பல முறை சொல்லிப் பழகுங்கள். அட்டவணை படிப்பதைவிட இது பலன் தரும்.

கேள்வி வாக்கியத்திலும் தமிழ் துணைக்கு வரும். 'வாங்கியது யார்?' என்று கேட்கிறோம் அல்லவா, வினையைப் பெயராக்கி? அவர்களுக்கு இயல்பான கேள்வி அதுதான். 'சீனோ அங் புமிலி நங் மங்கா?' மாம்பழம் வாங்கியது யார்? 'அனோ அங் பினிலி நங் பாத்தா?' பிள்ளை வாங்கியது என்ன? 'அங்' நேராக வினைக்கு முன்னால் நின்று அதை 'வாங்கியவர்', 'வாங்கியது' என்று ஆக்கிவிடுகிறது. இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. செய்தவர் யார் என்று கேட்டால் 'புமிலி' மட்டுமே வரலாம், பொருள் எது என்று கேட்டால் 'பினிலி' மட்டுமே வரலாம். மாற்றிப் போட்டால் கேட்பவர் குழம்பிப் போவார். செய்தவர் கட்டாயமாக அங்-இடத்தைப் பிடிக்கும் இத்தகைய கேள்விகளில் 'ஐ' சோதனையை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

பெயரெச்சத்துக்கும் அதே கண்டிப்புதான். 'மாம்பழம் வாங்கிய பிள்ளை' என்றால் 'பாத்தாங் புமிலி நங் மங்கா'. 'பிள்ளை வாங்கிய மாம்பழம்' என்றால் 'மங்காங் பினிலி நங் பாத்தா'. தமிழில் 'வாங்கிய' என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் போதும், யார் எதை என்பதை நாமே ஊகித்துக்கொள்வோம். பிலிப்பினோ வினையிலேயே சொல்லிவிடும். இரண்டிலும் பெயரின் ஓரத்தில் வந்த 'ங்' முன்பு சட்டத்தில் பார்த்த அதே ஒட்டு. உயிரில் முடியும் சொல்லுக்கு 'ங்', பெரும்பாலான மெய்களில் முடியும் சொல்லுக்குத் தனியாக 'ந'. இந்த ஒட்டு இருப்பதால் 'அழகான வீடு' என்பதை 'மகந்தாங் பஹாய்', 'பஹாய் ந மகந்தா' என்று இரு பக்கமும் புரட்டிச் சொல்லலாம்.

பெயர்ச்சொல்லின் இடம் ஓரளவு தளர்வானது. 'புமிலி அங் பாத்தா நங் மங்கா' என்றாலும் சரி, 'புமிலி நங் மங்கா அங் பாத்தா' என்றாலும் சரி. தளர்வே இல்லாதவை குட்டிச் சொற்கள். அவை எப்போதும் வாக்கியத்தின் முதற்சொல்லுக்கு அடுத்தே வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே காலையும் மாலையும் கேட்கும் விசாரிப்பு 'குமாயின் கா ந பா?' சாப்பிட்டாயா? 'கா' நீ, 'ந' ஏற்கெனவே, 'பா' நம் கேள்வி 'ஆ'. பெரியவரிடம் 'குமாயின் ந போ பா காயோ?' சாப்பிட்டீர்களா? 'காயோ' என்பது பன்மை 'நீங்கள்', மரியாதைக்கும் அதே. அதன்மேல் 'போ' என்ற மரியாதைச் சொல்லும் சேர்கிறது. இரண்டாவதில் 'காயோ' கடைசிக்குப் போய்விட்டதைக் கவனித்தீர்களா? 'கா' போன்ற ஓரசைப் பதிலிப் பெயர் முதலில், அப்புறம் 'ந', 'போ', 'பா' போன்ற துகள்கள், 'காயோ' போன்ற ஈரசைப் பதிலிப் பெயர் கடைசியில். இது மாறாது. நம் 'ஆ' எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கிறோமோ அதில் ஒட்டும். 'பா' அப்படி அலையாது, அதன் இடம் நிரந்தரம்.

'ராவ்' என்று ஒரு துகள் இருக்கிறது, மெய்க்குப் பின் 'தாவ்' என்று ஒலிக்கும். 'அஅலிஸ் ந ராவ் அங் பார்க்கோ': கப்பல் கிளம்பப் போகிறதாம். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று நாம் ஒரே ஓர் 'ஆம்' வைத்துச் சொல்வதை அவர்கள் 'ராவ்' வைத்துச் சொல்கிறார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் இருக்கும், தமிழருக்கு ஒரு வரி போதும்.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அப்படித்தான். 'தாயோ' கேட்பவரையும் சேர்த்தது, 'கமி' சேர்க்காதது. விருந்துக்கு நாம் போவோம் என்று அழைக்கிறவர் 'கமி' என்று சொன்னால் எதிரில் நிற்பவரை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பொருள். மூன்றாம் ஆளுக்கு 'சியா' ஒன்றே. ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது.

மறுப்புக்கு மூன்று சொல், அவையும் நம் பிரிவுக்குப் பக்கத்தில் வருகின்றன. 'ஹிந்தி அக்கோ கூரோ': நான் ஆசிரியர் அல்ல. ('ஹிந்தி' என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழும். இந்தி மொழியோடு எந்தத் தொடர்பும் இல்லை.) 'வலாங் தூபிக்': தண்ணீர் இல்லை. 'ஹுவக் காங் உமலிஸ்': போகாதே. செயலை மறுப்பதற்கும் 'ஹிந்தி'தான்: 'ஹிந்தி கோ பினிலி அங் மங்கா', மாம்பழத்தை நான் வாங்கவில்லை. வினைக்குப் பின்னால் இருந்த 'கோ' இப்போது முன்னால் ஓடி வந்து 'ஹிந்தி'யைப் பிடித்துக்கொண்டது. முதற்சொல் மாறிவிட்டது, குட்டிச் சொல்லும் இடம் மாற வேண்டும்.

கடைசியாகக் காலம். பிலிப்பினோ வினை இறந்தகாலம், நிகழ்காலம் என்று பிரிவதில்லை. செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, இன்னும் தொடங்கவில்லையா என்பதுதான் கணக்கு. 'குமாயின்' முடிந்தது, 'குமாகாயின்' நடக்கிறது, 'காகாயின்' இனிமேல். முடியாத இரண்டிலும் வேரின் முதல் அசை இரட்டிக்கிறது. பிலி என்றால் 'புமிலி, புமிபிலி, பிபிலி'. பொருளின்மேல் 'அங்' இருந்தால் 'பினிலி, பினிபிலி, பிபில்ஹின்'. 'குமாகாயின்' என்பது நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம், இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். எப்போது என்பதை 'கஹாப்போன்' (நேற்று), 'ஙயோன்' (இப்போது) போன்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். தினமும் ஐந்து வினையை எடுத்து, ஒவ்வொன்றையும் இந்த மூன்று நிலையிலும் செய்தவர்மேல் ஒருமுறை, பொருள்மேல் ஒருமுறை 'அங்' வைத்துச் சொல்லிப் பாருங்கள். உடன் வேலை செய்பவர்களிடமே சரிபார்த்துக்கொள்ளலாம்.